இரண்டு பேர், ஒரே அறை: எங்கள் முதல் ஜாஸ் பாப் ஆல்பத்தை வீட்டிலேயே பதிவு செய்த விவரம்

எங்கள் முதல் ஆல்பம் முடிந்துவிட்டது. ஒன்பது பாட்டு, 36 நிமிடம். பாடுவது அக்கா, கிட்டார் வாசிப்பது நான். வேறு யாரும் இல்லை. டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது, கணினியில் சேர்த்த வயலின் கூட்டமும் கிடையாது. பாட்டெல்லாம் தமிழ். கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது) ஜாஸ் வழியில் போகும், மெட்டு பாப் பாட்டுபோல வாயில் நிற்கும். தக்கலைப் பக்கம் தாத்தாவின் ஓட்டு வீட்டில், ஒரு காலத்தில் நெல் போட்டு வைத்திருந்த அறையில் முழுவதையும் பதிவு செய்தோம். குமரி மாவட்டத்தில் வீட்டில் ஒலிப்பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு நம்முடைய மழை, ஈரம், திருவிழா, லாரி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த ஒரு குறிப்பு கிடைப்பதில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு பேர் மட்டும் ஆல்பம் போடுவதற்கு ரெண்டு வழி உண்டு. இங்கிலாந்தின் எவ்ரிதிங் பட் த கேர்ள் ஜோடி 1984இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் டிரம்ஸ், பேஸ், ஊதுகருவிகள் எல்லாம் வைத்துக்கொண்டது. அமெரிக்காவின் டக் அன்ட் பாட்டி 1988இல் வந்த முதல் ஆல்பத்தில் ஒரு கிட்டார், ஒரு குரல் என்பதோடு நின்றுகொண்டார்கள். இரண்டுமே நான் திரும்பத் திரும்பக் கேட்டவை. எங்களுக்கு இரண்டாவதுதான் சரி என்று தோன்றியது. காரணம் எளிமை அல்ல, அதுதான் கடினம். நாங்கள் இருவரும் சேர்ந்து வாசிக்கும்போது நடக்கிற ஒன்று, மூன்றாவது ஆள் வந்தால் நடப்பதில்லை.

அது என்ன என்று சோதித்துப் பார்த்தோம். ஒரே பாட்டை முதலில் வழக்கமான முறையில் எடுத்தோம்: நான் வேகம் காட்ட டிக்டிக் அடிக்கும் மெட்ரோனோமைக் கேட்டபடி கிட்டாரைத் தனியாகப் பதிவு செய்வது, அக்கா ஹெட்போனில் அதைக் கேட்டு மேலே பாடுவது. பிறகு மெட்ரோனோமும் ஹெட்போனும் இல்லாமல் எதிரும் புதிருமாக இருந்து ஒரே நேரத்தில் எடுத்தோம். முதல் பதிவில் ஒரு பிழையும் இல்லை. இரண்டாவதில் வேகம் கூடிக் குறைந்தது, ஒரு கார்டு தடுக்கியது. ஆனால் அக்கா ஒரு சொல்லை இழுத்தால் என் கட்டைவிரல் அங்கே காத்திருந்தது. நான் ஒரு சுரத்தை விட்டால் அவள் அந்த இடத்தை மூச்சால் நிரப்பினாள். முதல் பதிவைக் கேட்டுவிட்டு அக்கா கேட்டது இதுதான்: “மக்கா, நீ என்னப் பாத்து வாசிக்கியா, அந்த டிக்டிக்கப் பாத்து வாசிக்கியா?”

ஆக, ஆல்பம் முழுவதும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஹெட்போன் இல்லாமல். இந்த ஒரு முடிவுதான் மற்ற எல்லா வேலையையும் தீர்மானித்தது.

முதலில் அறை. நீளம் 14 அடி, அகலம் 11 அடி, உயரம் 9 அடி. மேலே மரத்தட்டு, அதற்கும் மேல் ஓடு. மூன்று பக்கம் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், ஒரு பக்கம் பலகைச் சுவர். கான்கிரீட் அறையைவிட இது எவ்வளவோ மேல். மெல்லிய பலகை தாழ்ந்த ஒலிக்கு லேசாக அதிர்ந்து அதன் பலத்தைத் தின்றுவிடும். பழைய நம் வீடுகளில் பேச்சு இதமாகக் கேட்பதற்கு அந்தப் பலகைகளும் ஒரு காரணம். அதே பலகையில் ஒரு தொல்லையும் உண்டு: எங்கேயாவது ஆணி தளர்ந்திருந்தால் குறிப்பிட்ட ஒரு சுரத்துக்கு மட்டும் கிர்ரென்று நடுங்கும். அதைப் பிடிக்க, ஸ்பீக்கரில் 40 ஹெர்ட்ஸிலிருந்து (நொடிக்கு 40 அதிர்வு) 300 ஹெர்ட்ஸ் வரை ஒலியை மெல்ல ஏற்றிக்கொண்டே போய், நடுக்கம் வரும் இடத்தைக் கையால் அழுத்திப் பார்த்து, இடுக்கில் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளைத் திணித்தோம். கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, சுவரில் தொங்கிய படம் என்று எல்லாமே தனித்தனிச் சுரத்துக்கு ஆடின.

அடுத்தது அறையின் அளவு செய்யும் வேலை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில அலைவரிசைகள் மாட்டிக்கொண்டு பெருத்து நிற்கும். கணக்கு எளிது: ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 348 மீட்டர் போகும். 14 அடி என்பது 4.27 மீட்டர். முதல் அலைவரிசை ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். கிட்டாரில் அவ்வளவு தாழ்ந்த சுரம் இல்லை, கவலையில்லை. ஆனால் அதன் இரண்டு மடங்கு 82. கிட்டாரின் ஆறாவது தந்தியைச் சும்மா மீட்டினால் வரும் ‘ஈ’ சுரம் 82.4 ஹெர்ட்ஸ். அதாவது நான் அதிகமாகத் தொடும் அந்தத் தாழ்ந்த சுரம்தான் இந்த அறையில் வீங்கும். காதாலும் அது தெரிந்தது. மற்ற சுரங்கள் ஒரு அளவில் இருக்க, ‘ஈ’ மட்டும் பக்கத்து அறை வரை போய் முழங்கியது.

இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை, உட்காரும் இடத்தை மாற்றினால் போதும். அந்த 82 ஹெர்ட்ஸ் அலை இரண்டு சுவர் ஓரத்திலும், அறையின் நட்ட நடுவிலும் உச்சத்தில் இருக்கும். நீளத்தின் கால்பங்கில், அதாவது சுவரிலிருந்து மூன்றரை அடியில், அடங்கிக் கிடக்கும். பலரும் நாற்காலியைப் போடும் நடு இடம்தான் இந்த அறைக்கு மோசமான இடம். நான் ஒரு கால்பங்கில் உட்கார்ந்தேன், அக்கா மறு கால்பங்கில் நின்றாள். இருவருக்கும் இடையே ஏழு அடி. ‘ஈ’ தன் வரிசைக்குத் திரும்பியது. உங்கள் அறைக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு டேப்பும் செல்போன் கால்குலேட்டரும் போதும்.

எதிரொலியை அடக்கப் பலகங்கள் செய்தோம். இணையத்தில் விற்கும் கூர்கூரான மெல்லிய ஸ்பாஞ்சை ஒட்டினால் மேல் ஒலி மட்டும் செத்து, குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். நம் மாவட்டத்தில் தேங்காய் நாரான தும்பும் இருக்கிறது, ரப்பர் பாலும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த மெத்தை ஷீட்டும் எளிதாகக் கிடைக்கிறது. தேங்காய்த் தும்பைச் சுருளாக்கி, ரப்பர் பால் தெளித்து அழுத்திச் செய்வது அது. ஒலியை உறிஞ்சும் குணம் அதற்கு உண்டு. ஆனால் தும்பின் இழை தடிமனாக இருப்பதால் காற்று சுலபமாக ஊடுருவிப் போய்விடும், மெல்லிய ஷீட்டால் பெரிய பலன் இல்லை. நாலு அங்குலத் தடிமன் வைத்து, சுவருக்கும் அதற்கும் இடையே இன்னொரு நாலு அங்குலம் காலியிடம் விட்டோம். அந்தக் காலியிடம் முக்கியம். சுவரை ஒட்டிய காற்று அசைவதில்லை. அலையின் நீளத்தில் கால்பங்கு தள்ளி இருக்கும் காற்றுதான் நன்றாக அசையும். எட்டு அங்குலம் தள்ளி நிற்கும் பலகம் சுமார் 430 ஹெர்ட்ஸிலிருந்து மேலே முழுதாக வேலை செய்யும், கீழே போகப் போகக் குறையும். குரலுக்கு இது தாராளம்.

தாழ்ந்த ஒலிக்கு மூலைகளில் ராக்வுல் (பாறை இழைப் பஞ்சு) வைத்தோம். ஏசி குழாய் வேலை செய்பவர்களிடம் 50 மில்லிமீட்டர் ஸ்லாப்களாகக் கிடைக்கும். நாலு ஸ்லாப் ஒன்றன்மேல் ஒன்றாக, மூலையைக் குறுக்கே மறைத்தபடி. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். இழை தோலில் ஏறினால் அரிப்பு லேசில் போகாது. சட்டத்துக்கு ரப்பர் மர ரீப்பர். மருந்தேற்றிய மரமா என்று கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் வண்டு துளைத்துவிடும். மேலே போர்த்த நாகர்கோவில் வடசேரியில் வாங்கிய காடாத் துணி. வாயை வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் வரும் துணியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சோதனை. இரண்டு எச்சரிக்கை: தும்பு தீப்பிடிக்கும், விளக்கு, பிளக் பாயிண்ட் பக்கம் வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், வெயில் கண்ட நாளில் முற்றத்தில் போட்டு எடுக்க வேண்டும்.

எல்லாச் சுவரையும் மூடவில்லை. பலகைச் சுவரை அப்படியே விட்டோம். இரண்டு பேர் மட்டும் உள்ள பதிவில் அறைதான் மூன்றாவது கருவி. அதை முழுதாக ஊமையாக்கினால் கிட்டார் எலும்பும் தோலுமாகக் கேட்கும்.

அப்புறம் நாட்காட்டி. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. ஓட்டில் மழை விழுந்தால் பதிவு இல்லை. மழை ஓய்ந்தால் தவளை. நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் திருவிழா, பிறகு கிறிஸ்துமஸ் பாட்டு வண்டிகள், மாசியில் மண்டைக்காட்டுக் கோயில் கொடை விழா. ஊருக்கு ஊர் கோயில் கொடையும் கன்வென்ஷன் கூட்டமும் வேறு. இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. அக்கா பாடக் கற்றதே அப்படியான கூட்டங்களில்தான். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 2000ஆம் ஆண்டு விதிகளின்படி தடை உண்டு. ஆக, தை மாதத்துக்குப் பிறகு, இரவு பத்தரைக்கு மேல் என்று வைத்துக்கொண்டோம். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் பைக் சத்தம் தொடங்கிவிடும், அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். இடையில் கேரளா பக்கம் கல் ஏற்றிப் போகும் லாரிகள். அவற்றின் உறுமல் கிட்டாரின் தாழ்ந்த தந்தி இருக்கும் அதே இடத்தில் வருவதால் பில்டர் போட்டு வெட்ட முடியாது. லாரி போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது ஒன்றுதான் வழி.

கிட்டார் நைலான் தந்தி போட்டது. கடல் காற்றில் எஃகுத் தந்தி சீக்கிரம் துருப்பிடித்துவிடும். நைலானில் அந்தத் தொல்லை மூன்று மேல் தந்திகளுக்கு இல்லை, கீழ் மூன்றும் வெள்ளிப் பூச்சுக் கம்பி சுற்றியவை என்பதால் கறுக்கும். மரம்தான் பெரிய கவலை. கிட்டார் செய்பவர்கள் சொல்லும் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். நம் ஊரில் மழை பெய்த மறுநாள் 85ஐத் தொடும். மரம் ஈரத்தைக் குடித்தால் மேற்பலகை உப்பும், தந்தி விரற்பலகையை விட்டு உயரும், ஒலி மந்தமாகும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரமானியும் எப்போதும் வைத்திருந்தேன். பதிவு நாளில் மாலையிலிருந்து ஏசியை ஓட்டி அறையை உலர்த்திவிட்டு, தொடங்கும்போது ஏசி, மின்விசிறி, பிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்துவோம். பழைய வீட்டு வயரிங்கில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வராமல் இருக்க லேப்டாப்பை பேட்டரியில் மட்டும் ஓட்டினேன். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்பேஸ் பெட்டியும் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றது. கரண்ட் போனாலும் பதிவு நிற்காது என்பது கூடுதல் லாபம். சார்ஜரைப் பிடுங்கியும் இரைச்சல் இருந்தால் எர்த்திங்கை எலெக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி மைக். இந்த வேலையில் மிக அதிக நேரம் போனது இதில்தான், போக வேண்டியதும் இதில்தான்.

ஒரே அறையில் இருவர் என்றால் அக்காவின் குரல் என் மைக்கிலும் என் கிட்டார் அக்காவின் மைக்கிலும் விழும். பெரும்பாலான ஸ்டுடியோக்கள் இதைப் பகையாக நினைத்துக் கண்ணாடி அறைக்குள் ஆளைப் பிரித்துவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விழுவது அழகாக விழுந்தால் அதுதான் இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்திக் காட்டுகிறது. கெட்டதாக விழுந்தால்தான் பிரச்சினை. மைக்கின் பக்கவாட்டில் நுழையும் ஒலி மேல் ஒலியெல்லாம் போய் மழுங்கி வரும், தாமதமாகவும் வரும். ஏழு அடியைக் கடக்க ஒலிக்கு ஆறு மில்லி செகண்ட் ஆகும். அந்தத் தாமதத்தோடு இரண்டு மைக்கும் கலந்தால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும்.

அக்காவுக்கு, முன்பக்க ஒலியை மட்டும் நன்றாக வாங்கும் கார்டியாய்ட் வகைக் கண்டென்சர் மைக். அதன் முதுகுப் பக்கம்தான் மிகவும் காது மந்தம். அக்கா என்னைப் பார்த்து நிற்க, மைக்கின் முதுகு என்னைப் பார்த்தது. வாயிலிருந்து எட்டு அங்குலம். ஆலயப் பாடகர் குழுவில் பாடிப் பழகியவள் என்பதால் குரலைத் தூரத்துக்கு எறியும் வழக்கம் அவளுக்கு உண்டு. இங்கே பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதுபோலப் பாட வேண்டும். மைக்குக்கு மிக அருகே போனால் தாழ்ந்த ஒலி தானாகக் கூடும் என்பதை அவளே கேட்டுப் புரிந்துகொண்டு, மெல்லிய வரிகளுக்கு இரண்டு அங்குலம் முன்னும், உச்சத்துக்கு ஒரு அடி பின்னும் போய்வரப் பழகினாள். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கணினியில் குறைக்கும் கம்ப்ரஸரை விட இது நல்லது.

கிட்டாருக்கு, 8 என்ற எண்ணின் வடிவில் ஒலியை வாங்கும் மைக். முன்னும் பின்னும் கேட்கும், இரண்டு பக்கவாட்டிலும் கேட்கவே கேட்காது. பக்கவாட்டு மந்தம்தான் எந்த வகை மைக்கிலும் ஆழமானது. நான் கிட்டாரின் முகத்தை அறையின் குறுக்கே திருப்பி உட்கார்ந்தேன். அக்கா என் இடப்பக்கம். கிட்டார் வாசிப்பவன் எப்படியும் இடப்பக்கம்தான் தலை திருப்புவான், அதனால் பார்வைக்குக் குறையில்லை. மைக் கிட்டார் கழுத்தின் பன்னிரண்டாவது பிரெட்டை (விரற்பலகையில் பதித்த உலோகப் பட்டை) பார்த்து ஒரு அடி தள்ளி, அதன் காது கேட்காத பக்கம் நேராக அக்காவின் வாயை நோக்கி. பின்பக்கம் கேட்பதைப் பிடிக்க ஒரு தும்புப் பலகம். கோணத்தைச் சரி செய்ய ஒரு வழி: அக்காவை ஒரே சுரத்தில் பாடச் சொல்லி, நான் கிட்டார் மைக்கை மட்டும் ஹெட்போனில் கேட்டபடி அதை மெல்லத் திருப்புவது. ஓர் இடத்தில் குரல் சட்டென்று தூரப் போய்விடும். அங்கே ஸ்டாண்டை முடுக்கிவிட்டு, தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டோம். நாற்காலிக் கால்களுக்கும் அக்காவின் பாதங்களுக்கும்கூட டேப்.

பதிவின் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்சம் மைனஸ் 10 டெசிபல் தாண்டாமல். 24 பிட்டில் இவ்வளவு இடம் விட்டாலும் எதுவும் இழப்பதில்லை.

பாட்டு எழுதும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் ஜாஸ் பாடினால் ஒட்டாது என்று பலர் நினைக்கிறார்கள். ஜாஸின் ஸ்விங் நடை என்பது ஒரு அடியைச் சரிபாதியாக வெட்டாமல், முதல் பாதியை நீட்டி அடுத்ததைக் குறுக்குவது. பாடம் சொல்லும் கணக்கு இரண்டுக்கு ஒன்று. வேகம் கூடக்கூட அது சமத்தை நோக்கிப் போகும். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று என்று தொல்காப்பியம் சொல்லும் கணக்கும் அதுவே! ‘மாலை வாடை சாலை ஓரம்’ என்று ஒரு வரி எழுதினால் நெடில், குறில், நெடில், குறில் என்று தானாகவே ஸ்விங் ஆகிறது; சொல்லின் கடைசியில் வரும் ஐகாரமும் குறுகித்தானே ஒலிக்கிறது. ‘நிலா’, ‘விழா’, ‘கனா’ மாதிரிக் குறிலில் தொடங்கி நெடிலில் விழும் சொற்களை அடிக்கு முன்னால் தொடங்கவிட்டு, நெடிலை அடியில் வைத்தால் ஜாஸ் பாடகர்கள் தேடும் அந்த முந்திக்கொள்ளும் நடை வந்துவிடுகிறது. சிக்கல் வந்ததெல்லாம் சினிமாப் பாட்டின் சீரான நடைக்கு எழுதிய வரிகளை ஸ்விங்கில் இழுக்கும்போதுதான். அந்த மாதிரி ஒரு பாட்டை ஆல்பத்திலிருந்தே எடுத்துவிட்டோம். மெட்டு எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் சொல் நொண்டியது.

பேஸ் இல்லாத குறையைக் கிட்டார் எப்படிச் சமாளிக்கும்? கட்டைவிரல் தாழ்ந்த தந்திகளில் பேஸ் நடக்கும், மீதி விரல்கள் இரண்டே சுரம் பிடிக்கும். டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்ற வழக்கமான நடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கார்டிலும் மூன்றாவது, ஏழாவது சுரங்களை மட்டும் பிடித்தால் முதலில் எஃப், சி. அடுத்தது எஃப், பி. அதற்கடுத்தது ஈ, பி. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விரல் அரைச்சுரம் நகர்கிறது, அவ்வளவுதான். ஆறு தந்தியையும் அடைத்துப் பிடித்தால் குரலுக்கு இடமே இருக்காது. இந்த இரண்டு சுரத்துக்கு மேலே காலியாக இருக்கும் ஒன்பதாம், பதிமூன்றாம் சுரங்களில் அக்கா நிற்கும்போதுதான் கார்டு முழுமையாகிறது. கிட்டாரை மட்டும் தனியாகக் கேட்டால் அரைகுறையாகத்தான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும்.

பதிவு நடந்த விதம் இது. பாட்டின் வேகத்தை நினைவில் ஏற்ற மெட்ரோனோமை நாலு சுற்று கேட்போம், நிறுத்துவோம், மூச்சு விட்டுத் தொடங்குவோம். முழுப் பாட்டையும் வாசிப்போம், நடுவில் நிற்க மாட்டோம். அன்று இரவே கேட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. களைத்த காதுக்கு எல்லாம் ஒன்றுபோலிருக்கும். மறுநாள் பகலில், திரையைப் பார்க்காமல், தனித்தனித் தாளில் குறித்துக்கொண்டு பிறகு ஒப்பிடுவோம். பெரும்பாலும் இருவரும் ஒரே பதிவைத்தான் குறித்திருந்தோம். ஒட்டு வேலை தேவைப்பட்டால் இருவருமே நிற்கும் மூச்சிடத்தில் மட்டும் வெட்டலாம்; வேறெங்கு வெட்டினாலும் ஒருவருடைய மைக்கில் இன்னொருவரின் வால் தொங்கிக்கொண்டிருக்கும். நாலாவது பாட்டின் கடைசி கார்டு அடங்கும்போது மேலே மரத்தட்டிலிருந்து ஒரு பல்லி சொன்னது. நான் அழிக்கப் போனேன். “நல்ல சகுனம்லா, கெடக்கட்டும்” என்று அக்கா விடவில்லை. இருக்கிறது.

பதிவானவற்றைக் கலக்கும் மிக்ஸிங்கில் கை அதிகம் வைக்க முடியாது, ஏனென்றால் ஒரு டிராக்கைத் தொட்டால் இரண்டும் மாறும். கிட்டாருக்குப் பளபளப்பு வேண்டுமென்று 8 கிலோஹெர்ட்ஸைக் கூட்டினால் அக்காவின் சகரம் சீறும். அதனால் இரண்டையும் நடுவை ஒட்டியே வைத்து, கிட்டாரை மட்டும் சற்று இடப்பக்கம் நகர்த்தினேன். கம்ப்ரஸர் மிக லேசாக. மீதி ஏற்ற இறக்கமெல்லாம் வரி வரியாகக் கையால் வரைந்தது.

எதிரொலிக்குப் பிளகின்களில் (ஒலி மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்கள்) இருக்கும் உலகப் புகழ்பெற்ற அரங்குகளின் எதிரொலி எதுவும் பொருந்தவில்லை. அக்கா சிறுவயதிலிருந்து ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல் வரிசை) பாடிய ஆலயத்தில் அனுமதி கேட்டு, இரவில் ஆளில்லாத நேரத்தில் போய் அதன் ஒலியை எடுத்துவந்தோம். பாடகர் குழு நிற்கும் இடத்தில் ஒரு ஸ்பீக்கர், மண்டபத்தின் நடுவில் இரண்டு மைக். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை விட்டுப் பதிவு செய்தால், அதிலிருந்து அந்த இடத்தின் எதிரொலியை மட்டும் கணினி பிரித்துத் தந்துவிடும். கன்வொல்யூஷன் ரிவெர்ப் பிளகினில் அதை ஏற்றினால் குரல் அந்த மண்டபத்தில் நிற்கும். ஸ்பீக்கர் கொண்டுபோக முடியாவிட்டால் பெரிய பலூன் ஒன்றை உடைத்துப் பதிவு செய்தாலும் ஓரளவு வரும். ரிவெர்பில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, குரலுக்கு 30 மில்லி செகண்ட் பின்னால் வரச் செய்தேன். வேகமான பாட்டுகளுக்கு வாலைக் குறைத்தேன். நெல் அறையின் நெருக்கமும் ஆலயத்தின் உயரமும் சேர்ந்த அந்த ஒலி எங்களுக்கு மட்டுமே உரியது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

கடைசி மெருகேற்றலான மாஸ்டரிங்கில் சத்தத்தை மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவுகோல்) அளவில் நிறுத்தினேன், உச்சம் மைனஸ் 1 டெசிபல். ஸ்பாட்டிபை வழக்கமாக மைனஸ் 14க்கும், ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16க்கும் எல்லாப் பாட்டையும் சமன் செய்துவிடும். ஆகவே நசுக்கிச் சத்தமாக்குவதில் பயன் ஒன்றுமில்லை. சமன் செய்த பிறகு நசுங்கல் மட்டும்தான் மிஞ்சும். செல்போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த சுரங்கள் அடிபட்டுப் போவதால் என் கட்டைவிரல் பேஸ் காணாமல் போனது. அளவைக் கூட்டினால் வீட்டு ஸ்பீக்கரில் முழங்கும். லேசான டேப் சாச்சுரேஷன் (பழைய டேப் பதிவில் வருவது போன்ற ஒலிச் சிதைவு) சேர்த்ததில் அந்தச் சுரங்களின் மேல் மடங்குகள் கிளம்பின, போனிலும் பேஸ் நடப்பது தெரிந்தது.

வெளியிடும் வேலைகள் சுருக்கம்தான். ஒவ்வொரு பாட்டுப் பதிவையும் அடையாளம் காட்ட எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு, ஆல்பத்துக்கு யு.பி.சி. என்ற ஒரு குறியீடு, 3000க்கு 3000 பிக்சலில் அட்டைப்படம். விநியோக நிறுவனங்களே குறியீடுகளைத் தருகின்றன. அதைவிட முக்கியம், உடன்பிறந்தவர்களாக இருந்தாலும் காகிதத்தில் எழுதிக்கொள்வது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்கும். ஒலிப்பதிவுக்கான உரிமை தனி, அது வெளியானதிலிருந்து 60 ஆண்டு. எங்கள் பிள்ளைகள் காலத்துக்கும் நீளும் விஷயம் இது. வரி அக்காவுடையது, மெட்டு என்னுடையது, பதிவு இருவருடையதும். எல்லாவற்றிலும் பாதிக்குப் பாதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

பதிவேற்றும் படிவத்தில் முதன்மைக் கலைஞர் யார், உடன் பங்களிப்பவர் யார் என்று கேட்கிறார்கள். பாடுபவரை முதன்மையாகவும் வாசிப்பவரைப் பங்களிப்பவராகவும் போடுவது வழக்கம் என்று சொன்னார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை, நானும்தான். இருவருக்கும் பொதுவாக ஒரே பெயரைக் கொடுத்து முதன்மை இடத்தில் போட்டோம். பங்களிப்பவர் கட்டம் காலியாகவே போயிற்று.